நகையின் வலிமையும் சார்பின் விலையும்: ‘துக்ளக்’ இதழ் பற்றிய ஒரு மதிப்பீடு

பழமை பேணும் கருத்துடைய இதழொன்றை மதிப்பிடப் புகும்போது இருவகைத் தவறுகள் நேர்வதுண்டு. சீர்திருத்தப் பற்றுடையோர் அதனைத் திறந்தும் பாராமல் ஒதுக்குவர். மரபுப் பற்றுடையோர் அதனைப் படித்துவிட்டு, படித்ததெல்லாம் தாமே எண்ணியதாகக் கருதி மகிழ்வர். முன்னது அறியாமை; பின்னது சோம்பல். திறனாய்வாளனுக்கு இவ்விரண்டும் ஆகா. அவ்விதழ் எதனை எதிர்த்தது, எதனைக் காத்தது, எவ்வாறு நிலைத்தது, எங்கே தளர்ந்தது என்று வரலாற்று நோக்கில் ஆராய்வதே அவன் கடமை. அந்நோக்கில், 1970ஆம் ஆண்டு பொங்கல் நாளாகிய சனவரி 14ஆம் நாள் சென்னையில் தோன்றி, அரை நூற்றாண்டைக் கடந்து நடைபெற்று வரும் ‘துக்ளக்’ இதழை ஈண்டு ஆராய்வோம்.

தமிழ்நாட்டில் பிறந்த ஓர் இதழைப் பேராக் மாநிலத்திலிருந்து ஏன் ஆராய வேண்டும் என்று சிலர் வினவலாம். விடை எளிது. தமிழ்நாட்டு அரசியல் விவாதங்கள் கடலைக் கடந்து நம்மிடம் வருவது நேற்றுத் தொடங்கியதன்று. 1929ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் தந்தை பெரியார் மலாயாவுக்கு வந்தபோது, ஈப்போவில் கூடிய தமிழர் சீர்திருத்த மாநாட்டில் உரையாற்றினார். சாதியையும் மூடப் பழக்கத்தையும் சாடிய குரல் இம்மண்ணில் ஒலித்து ஒரு தலைமுறை கடந்த பின், அக்குரலையே எள்ளி நகையாடிய இதழும் கடல் கடந்து வந்தது. இரண்டையும் கேட்டவர்கள் நாம். ஆகவே இரண்டையும் நிறுத்துப் பார்க்கும் உரிமையும் நமக்கு உண்டு.

மரபின் மூலம்

துக்ளக் வெற்றிடத்தில் பிறந்ததன்று. தமிழில் பழமை பேணும் அரசியல் எழுத்துக்கு முன்னோடி மூதறிஞர் இராசாசி. திருச்செங்கோட்டுக் காந்தி ஆசிரமத்திலிருந்து மதுவிலக்குக்காகவே ‘விமோசனம்’ என்னும் இதழை அவர் நடத்தினார். கல்கி கிருஷ்ணமூர்த்தி அங்கே அவருக்குத் துணை நின்றார். 1941இல் கல்கியும் சதாசிவமும் ‘கல்கி’ இதழைத் தொடங்கியபின், இராசாசியின் இராமாயணமும் மகாபாரதமும் அதன் வழியாகவே தமிழ் இல்லங்களுக்குள் புகுந்தன. 1956இல் காசா சுப்பாராவ் ஆங்கிலத்தில் தொடங்கிய ‘சுவராச்யா’ கிழமையிதழில் இராசாசி தொடர்ந்து எழுதினார். 1959இல் அவர் தலைமையில் சுதந்திராக் கட்சி தோன்றியது. அரசு கட்டுப்பாடுகளைக் குறைத்தல், தனிமனித முயற்சிக்கு இடந்தருதல், சமய மரபைப் போற்றுதல் என்பன அவ்வெழுத்தின் முக்கூறுகள்.

இம்மரபு முழுவதையும் ‘பிற்போக்கு’ என்ற ஒரு சொல்லால் தள்ளிவிட முடியாது. தமிழ்நாட்டில் 1971இல் மதுவிலக்குத் தளர்த்தப்பட்டபோது, தொண்ணூறு அகவையைக் கடந்த இராசாசி முதலமைச்சர் கலைஞர் கருணாநிதியை நேரில் கண்டு, அவ்வாறு செய்ய வேண்டாவென வேண்டினார். கள்ளுக்கடை தோட்டத்துத் தொழிலாளியின் கூலியை எவ்வாறு உறிஞ்சியது என்பதை அறிந்த நமக்கு அவ்வேண்டுகோளின் பொருள் விளங்கும். காங்கிரசில் இருந்த நாளில் தம் தோப்பின் தென்னைகளை வெட்டி வீழ்த்திய பெரியாரும் மதுவிலக்கின் பொருட்டே அதனைச் செய்தார். கொள்கையால் இரு துருவங்களாக நின்ற இருவரும் ஒரு காலத்தில் ஒரே தீமைக்கு எதிராக நின்றனர் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

நாடகத்திலிருந்து இதழுக்கு

இராசாசியின் மரபில் இல்லாத ஒன்றைச் சேர்த்தவர் சோ இராமசாமி. 1934இல் சென்னையில் பிறந்து, சட்டம் பயின்று, வழக்கறிஞராகவும் நிறுவனமொன்றின் சட்ட ஆலோசகராகவும் பணியாற்றி, நாடகத்தாலும் திரைப்படத்தாலும் புகழ்பெற்றவர் அவர். 1968இல் அவர் மேடையேற்றிய ‘முகமது பின் துக்ளக்’ நாடகம், பதினான்காம் நூற்றாண்டுச் சுல்தான் கல்லறையிலிருந்து உயிரோடு எழுந்து வந்ததாகக் கூறி, இந்நாளைய இந்தியாவின் தலைமையமைச்சராகவே ஆகிவிடும் ஒருவனின் கதை. ஆட்சிமொழிச் சிக்கலுக்குத் தீர்வாகப் பாரசீகத்தை அவன் அறிவிப்பதும், அதனையும் ஏற்று முழங்கக் கூட்டம் ஒன்று திரள்வதும் காண்போரைச் சிரிக்க வைத்தன. அந்நாடகத்தின் எள்ளல் அரசியல்வாதியோடு நிற்கவில்லை. ஏமாறக் காத்திருக்கும் வாக்காளனையும் தீண்டிற்று.

இவ்வெள்ளலையே முதலாகக் கொண்டு ஈராண்டில் இதழ் பிறந்தது. முதலிதழின் அட்டையில் இரண்டு கழுதைகள் ஒன்றோடொன்று உரையாடின. ஆசிரியர் தம்மையும் தம் வாசகரையும் கேலிக்குரியோராக வைத்தே தொடங்கினார் என்பது கருதத்தக்கது. தொல்காப்பியர் நகை பிறக்கும் நிலைக்களன்களை நான்காக வகுத்து, அவற்றுள் எள்ளலை முதலில் வைத்தார். எள்ளல் பிறரைச் சுட்டியும் பிறக்கும். தன்னைச் சுட்டியும் பிறக்கும். தன்னையும் எள்ளத் தெரிந்தவனின் நகைக்கே பிறரைத் திருத்தும் உரிமை உண்டு. தொடக்கக் காலத் துக்ளக்குக்கு அவ்வுரிமை இருந்தது.

மாதமிருமுறை வெளிவந்து பின்னர்க் கிழமையிதழாகிய துக்ளக், கவர்ச்சிப் படங்களையும் கதைகளையும் நம்பி வாழவில்லை. தலையங்கம், அரசியல் கட்டுரை, கேலிச்சித்திரம், கேள்வி–பதில் ஆகியவையே அதன் உடல். அவற்றுள்ளும் கேள்வி–பதில் பகுதியே உயிர். வாசகர் ஒரு வரியில் வினவுவார். ஆசிரியர் இரு வரியில் விடையிறுப்பார். அவ்விடையில் வழக்கறிஞரின் வாதமும் நாடகக்காரரின் நேரமறிந்த சொல்லும் ஒருங்கே இருக்கும். அடுக்குமொழியும் எதுகை மோனையும் ஆட்சி செய்த அக்கால அரசியல் தமிழுக்கு நடுவே, வீட்டுத் திண்ணையில் பேசுவது போன்ற எளிய உரைநடையை அவர் கையாண்டார். கருத்தில் பழமையை விரும்பிய இதழ் நடையில் புதுமையைக் கொண்டுவந்தது. நடையில் புரட்சி செய்த மேடைத் தமிழோ சில ஆண்டுகளில் பழகிய சடங்காயிற்று. இம்முரண் தமிழ் உரைநடை வரலாற்றாசிரியர் குறித்துக்கொள்ள வேண்டிய ஒன்று.

இரு சோதனைகள்

இதழ் பிறந்த ஓராண்டில் முதற் சோதனை வந்தது. 1971 சனவரியில் திராவிடர் கழகம் சேலத்தில் மூடநம்பிக்கை ஒழிப்பு மாநாட்டையும் ஊர்வலத்தையும் நடத்திற்று. அதில் இந்துக் கடவுளர் உருவங்கள் இழிவுபடுத்தப்பட்டன என்று கூறித் துக்ளக் படங்களோடு செய்தி வெளியிட்டது. அரசு அவ்விதழின் படிகளைப் பறிமுதல் செய்தது. பறிமுதலால் இதழின் புகழ் பெருகியதேயன்றிக் குறையவில்லை. ஊர்வலத்தில் என்ன நிகழ்ந்தது, முதலில் செருப்பை வீசியவர் யார் என்பவற்றில் இரு தரப்பார் கூற்றும் இன்றளவும் முரண்படுகின்றன. 2020 சனவரியில் இதழின் பொன்விழாவில் நடிகர் இரசினிகாந்து அந்நிகழ்ச்சியைக் குறிப்பிட்டபோது, ஐம்பதாண்டுக்கு முந்திய பூசல் மீண்டும் தெருவுக்கு வந்தது.

இதில் நாம் காணவேண்டியது ஒன்றுண்டு. 1971 மார்ச்சில் நடந்த தேர்தலில் தி.மு.க. 234 தொகுதிகளில் 184ஐ வென்றது. இராசாசியும் காமராசரும் ஓரணியில் நின்றும் தோற்றனர். எள்ளல் ஆட்சியை நாணவைக்கும். வாக்காளனின் பசியையும் மானத்தையும் தொடாதவரை அது ஆட்சியை மாற்றாது என்பதே அத்தேர்தல் கற்பித்த பாடம்.

இரண்டாம் சோதனை 1975 சூன் திங்களில் அறிவிக்கப்பட்ட நெருக்கடிநிலை. செய்தித் தணிக்கை நாடெங்கும் பரவியபோது, பெரிய நாளேடுகள் பல பணிந்தன. துக்ளக் கறுப்பு அட்டையோடு வெளிவந்து தன் எதிர்ப்பைக் காட்டிற்று. தன் வாழ்நாளெல்லாம் எதிர்த்து வந்த தி.மு.க.வும் அதே நெருக்கடிநிலையை எதிர்த்து, 1976 சனவரி 31இல் ஆட்சியை இழந்தது. தணிக்கையாளரின் சிவப்பு மைக்கு ‘முரசொலி’யும் ‘துக்ளக்’கும் ஒன்றே. உரிமை பறிபோகும் நாளில் மரபுக்கும் சீர்திருத்தத்துக்கும் பகைவன் ஒருவனே என்பதை அவ்விருபத்தொரு திங்களும் உணர்த்தின. துக்ளக்கின் வரலாற்றில் ஐயத்துக்கிடமின்றிப் போற்றத்தக்க பகுதி இதுவே. இடித்துரைப்பார் இல்லாத மன்னன் பகைவர் இல்லாமலே கெடுவான் என்ற வள்ளுவர் கருத்துக்கு அந்நாளில் உரை எழுதிய சிலருள் சோவும் ஒருவர்.

தோட்டப்புற வாசகனின் தராசு

இனி மறுபக்கத்தைக் காண்போம். ஆட்சியைக் கேள்வி கேட்ட இவ்விதழ், வழிவழி வந்த சமூகப் படிநிலையை அதே கூர்மையோடு கேள்வி கேட்டதா? இல்லை என்பதே நம் முடிபு.

துக்ளக்கில் சோ எழுதிய ‘எங்கே பிராமணன்?’ என்னும் தொடர் இதற்குத் தக்க சான்று. பிறப்பால் மட்டும் ஒருவன் பிராமணனாகான், ஒழுக்கத்தாலேயே ஆவான் என்பது அதன் அடிப்படை வாதம். தம் சமூகத்தாரையே நோக்கி, அந்த இலக்கணத்துக்கு உரியவர் யாரேனும் உண்டா என்று அது வினவுகிறது. இத்தற்சோதனைக்கு நாம் மதிப்பளிக்க வேண்டும். ஆயினும் ஏணியின் உச்சியில் நிற்கத் தகுதியானவன் யார் என்று தேடுகின்ற அவ்வாராய்ச்சி, ஏணியே எதற்கு என்ற கேள்விக்குள் நுழையவில்லை. படியின் அடியில் நிறுத்தப்பட்டவனுக்கு உச்சியில் நிற்பவனின் ஒழுக்கத்தைவிட ஏணியின் இருப்பே பெரிய சிக்கல்.

பேராக்கின் தோட்டப்புறத்தார் இதனை ஏட்டிலிருந்து கற்கவில்லை. கங்காணி முறையில் ஆள் திரட்டப்பட்டபோது, ஊரோடும் உறவோடும் சாதியும் கப்பலேறியது. லயத்து வீடுகளின் வரிசையிலும் கோயில் திருவிழாவின் உரிமையிலும் அது தன் இடத்தைக் கேட்டு வாங்கிற்று. 1929இல் ஈப்போ மாநாட்டில் பேசப்பட்டவை அயல்நாட்டுச் செய்திகளல்ல; அவை லயத்துச் செய்திகள். அதனால்தான் சீர்திருத்தக் குரல் இங்கே செவிமடுக்கப்பட்டது. அக்குரலை வெறும் கடவுள் பழிப்பாகவே கண்டு நகையாடிய இதழ், அக்குரலால் நிமிர்ந்தவர்களின் முதுகைக் காணத் தவறியது.

ஒதுக்கீடு பற்றிய அதன் நிலைப்பாடும் அத்தகையதே. சாதியடிப்படையிலான இட ஒதுக்கீட்டை அது தொடர்ந்து ஐயத்தோடும் எள்ளலோடும் அணுகிற்று. இங்கே மலேசியத் தமிழ் வாசகனுக்கு ஒரு மயக்கம் நேரக்கூடும். 1971இல் தொடங்கிய புதிய பொருளாதாரக் கொள்கையின் சலுகைகளுக்குப் புறத்தே நிற்கும் அவனுக்கு, ‘தகுதிக்கே இடம்’ என்ற வாதம் தன் மனக்குறையையே எடுத்துரைப்பது போல இனிக்கும். ஆனால் அவன் பாட்டனார் எந்தச் சேரியிலிருந்து, எந்தக் குடியானவத் தெருவிலிருந்து கப்பலேறினாரோ, அச்சேரியிலும் அத்தெருவிலும் தங்கிவிட்ட உறவினரின் பேரப்பிள்ளைகள் கல்லூரி வாயிலை மிதித்தது அதே ஒதுக்கீட்டினாலன்றோ? ஒரே சொல் இரு நாடுகளில் இரு பொருள் தருகிறது. இங்கே இன அடிப்படையில் புறத்தே நிறுத்தப்பட்டோமென்ற வருத்தத்தை, அங்கே சாதி அடிப்படையில் புறத்தே நிறுத்தப்பட்டோருக்கு எதிரான வாதமாக மாற்றிக்கொள்வது நம் முன்னோருக்கு நாம் செய்யும் அநீதி.

பெண்ணுரிமை குறித்தும் இதழாசிரியரின் நகை ஒருதலையாகவே இருந்தது. பெண் விடுதலை பேசுவோரை அவர் கேலிக்கே உரியோராகக் கண்டார். விடியுமுன் எழுந்து, பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டு, ஆணுக்கு நிகராகப் பால்மரம் வெட்டி, மாலையில் அடுப்பும் ஊதிய தோட்டத்துப் பெண்ணின் வாழ்வை அறிந்தோருக்கு அக்கேலி சுவைக்காது. குடும்பமென்னும் மரபைத் தாங்கியவள் அவளே. மரபைப் போற்றும் இதழ் மரபைச் சுமந்தவளின் தோளை எண்ணிப் பார்த்திருக்க வேண்டும்.

ஆட்சியின் அருகாமை

எள்ளல் இதழுக்கு நேரும் இன்னொரு இடர், தான் விரும்பும் தரப்பு வலிமை பெறும்போது வருவது. இத்தாலிய நாட்டில் இதற்கு ஒப்பான வரலாறு உண்டு. லியோ லொங்கனேசி என்பவர் முசோலினி ஆட்சிக் காலத்தில், 1937இல் தொடங்கிய ‘ஓம்னிபுசு’ என்னும் இதழ் ஈராண்டில் அவ்வாட்சியாலேயே நிறுத்தப்பட்டது. போருக்குப் பின் 1950இல் அவர் ‘இல் போர்கேசே’ என்னும் இதழைத் தொடங்கி, புதிய குடியரசின் அரசியல்வாதிகளைப் பழமைக் கண்கொண்டு எள்ளி எழுதினார். 1957இல் அவர் மறைந்தார். அடுத்துப் பொறுப்பேற்ற மாரியோ டெடெசுகி பாசிச வழித்தோன்றலாகிய கட்சியின் சார்பில் 1972இல் மேலவை உறுப்பினரானார். தனியொருவரின் நகைச்சுவையால் எழுந்த இதழ், அவருக்குப் பின் ஒரு கட்சியின் குரலாகச் சுருங்கிற்று.

துக்ளக்கின் போக்கு இதனோடு முற்றும் ஒத்ததன்று, ஆயினும் ஒப்புநோக்கத்தக்கது. சோ தம் வாழ்நாளில் ஒரு கட்சிக்குள் அடங்கவில்லை. வாழ்நாளெல்லாம் தி.மு.க.வைச் சாடியவர், 1996இல் செயலலிதா ஆட்சிக்கு எதிராக அமைந்த தி.மு.க.–தமிழ் மாநிலக் காங்கிரசுக் கூட்டணிக்கு ஆதரவாக நின்றார். பின்னர்ச் செயலலிதாவையும் ஆதரித்தார். 1999 முதல் 2005 வரை நியமன உறுப்பினராக நாட்டின் மேலவையில் அமர்ந்தார். 2008 சனவரியில் அன்றைய குசராத்து முதலமைச்சர் நரேந்திர மோதி இதழின் ஆண்டுவிழா மேடையில் வந்து பேசினார். ஆண்டுதோறும் பொங்கலன்று வாசகரைக் கூட்டி, அவர்தம் வினாக்களுக்கு மேடையிலேயே விடையளித்த அரிய வழக்கம், மெல்ல மெல்ல ஆட்சியாளரை வரவேற்கும் மேடையாகவும் ஆயிற்று. முதலிதழின் இரண்டு கழுதைகளுக்கு அம்மேடையில் இடமிருந்ததா என்று வினவத் தோன்றுகிறது.

2016 டிசம்பர் 7ஆம் நாள் சோ மறைந்தார். அதன்பின் சுதேசி இயக்கச் சார்புடைய எழுத்தாளர் குருமூர்த்தி ஆசிரியரானார். 2018இல் அவர் இந்திய நடுவண் வங்கியின் இயக்குநர் அவையிலும் உறுப்பினராக நியமிக்கப்பட்டார். ஓர் ஆசிரியர் அரசு சார்ந்த பொறுப்பை ஏற்கலாகாது என்று நாம் சட்டம் வகுக்கவில்லை. ஆனால் ஆட்சியை எள்ளுவதையே முதலாகக் கொண்டு பிறந்த இதழுக்கு அப்பொறுப்பின் விலை மிகுதி. வாதம் ஆட்சிக்கு அருகிலிருந்தும் செய்யலாம், கட்டுரை எழுதலாம், விளக்கம் தரலாம். எள்ளலுக்கோ தொலைவு வேண்டும். மன்னனின் விருந்தில் பங்குகொண்டவன் மன்னனைக் கண்டு சிரிப்பது அரிது.

நமக்குரிய பாடம்

மலேசியத் தமிழிதழ் உலகில் இவ்வகை இதழ் ஒன்று நீடித்து நிற்கவில்லை. 1924இல் நரசிம்ம ஐயங்கார் தொடங்கிய ‘தமிழ் நேசன்’ தொண்ணூறாண்டுக்கு மேல் நடந்து, பிற்காலத்தில் கட்சித் தலைமையோடு நெருங்கிய நாளேடாக விளங்கி, 2019இல் நின்றது. 1935இல் சீர்திருத்த நோக்கோடு கோ. சாரங்கபாணி சிங்கப்பூரில் வளர்த்த ‘தமிழ் முரசு’ அங்கே தொடர்கிறது. 1984ஆம் ஆண்டின் அச்சகங்கள், வெளியீடுகள் சட்டத்தின் கீழ் உரிமத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்கும் நிலை 2012ஆம் ஆண்டுத் திருத்தம் வரை நீடித்தது. அரசியலை எள்ளும் துணிவு இத்தகைய சூழலில் வளர்வது எளிதன்று. ஆனால் சட்டத்தை மட்டும் குறைகூறித் தப்பிக்க முடியாது. தலைவருக்கு மாலையிடும் படங்களே செய்தியாகிவிட்ட பழக்கத்தை எந்தச் சட்டமும் நம்மீது திணிக்கவில்லை.

அதன் விளைவு என்ன? பேராக்கின் இரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும், பின்னர்ச் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் வழிவிட்டபோதும், வேலையும் வீடும் கோயிலும் பள்ளியும் ஒரே நாளில் இழந்து ஈப்போவின் ஓரங்களுக்குக் குடிபெயர்ந்தோர் பலர். 1960இல் துன் சம்பந்தன் தோட்டத் துண்டாடலைத் தடுக்க, தொழிலாளரிடம் பணம் திரட்டித் தோட்டம் வாங்கும் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவியது நம் வரலாற்றின் அரிய முயற்சி. அம்முயற்சி எங்கே வென்றது, எங்கே போதாமற் போயிற்று, அடுத்து வந்தோர் என்ன செய்திருக்க வேண்டும் என்பனவற்றைக் கிழமைதோறும் விவாதித்த கருத்திதழ் நமக்கு வாய்க்கவில்லை. மரபைக் காக்க விரும்புவோருக்கும் அப்பணி உரியதே. தோட்டத்து மாரியம்மன் கோயிலும் தமிழ்ப்பள்ளியும் இடம்பெயர்ந்த துயரம் மரபின் துயரமன்றி வேறு என்ன? அதை எழுதும் பழமைவாதியும் இல்லை. சீர்திருத்தக்காரனும் போதிய அளவில் இல்லை. கடலுக்கப்பால் நடந்த சேலத்து ஊர்வலம் பற்றி வாதிட்டுக் குரல் கம்மிய நாம், நம் லயங்கள் இடிக்கப்பட்ட ஓசையைக் கட்டுரையாக்கத் தவறினோம்.

ஆதலின் துக்ளக்கின் வரலாற்றிலிருந்து நாம் கொள்ளத்தக்கவையும் தள்ளத்தக்கவையும் தெளிவாகவே உள்ளன. எளிய நடை, அஞ்சாமை, வாசகனை வினவ விடும் பண்பு, நெருக்கடியில் வளையாத முதுகு ஆகியவை கொள்ளத்தக்கவை. மேலிருப்பவனை நோக்கிய எள்ளலைக் கீழிருப்பவன்மீதும் அதே சுவையோடு வீசுதலும், விரும்பிய தரப்பு அரியணை ஏறியதும் நகையை உறையிலிடுதலும் தள்ளத்தக்கவை. ஓர் இதழ் மரபின் பக்கம் நிற்கலாம். மாற்றத்தின் பக்கமும் நிற்கலாம். எப்பக்கம் நின்றாலும், வலியவனிடம் கேட்கும் அதே கேள்வியைத் தன்னிடமும் கேட்டுக்கொள்ளும் இதழே மக்களின் இதழ். அத்தகைய ஒன்றை ஈப்போவிலிருந்து நடத்தும் இளைஞர் வருங்காலத்தில் தோன்றுவராயின், அவர் எக்கொள்கையினராயினும் அவர்தம் முதலிதழை விலைகொடுத்து வாங்கிப் படிப்பது நம் கடன்.